இடஒதுக்கீடா, கூடுதல் மதிப்பா, வருமான வரம்பா? சேர்க்கைக்கும் வேலைக்கும் ஐந்து வழிகள், ஓர் ஒப்பீடு

சாதியைப் பார்க்காமல் வருமானத்தை மட்டும் பார்த்தால் போதாதா? அமெரிக்காவில் கல்லூரிச் சேர்க்கையில் இனம் பார்ப்பதை நிறுத்திவிட்டார்களே, அங்கே இப்போது என்ன செய்கிறார்கள்? அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தனி ஒதுக்கீடு வந்த பிறகும் சமுதாய ஒதுக்கீடு எதற்கு? இந்த மூன்று கேள்விகளும் ஒன்றாகவே வந்து விழுகின்றன. கேட்பவர்கள் இவற்றை ஒரே கேள்வியின் மூன்று வடிவங்களாக நினைக்கிறார்கள். அப்படியில்லை. மூன்றும் வெவ்வேறு கருவிகளைப் பற்றியவை. சுத்தியலா ஸ்க்ரூடிரைவரா என்பதை எதிரே இருப்பது ஆணியா திருகா என்று பார்த்துத்தான் சொல்ல முடியும்.

விழுக்காட்டைப் பற்றித்தான் எல்லாச் சண்டையும் நடக்கிறது. 27 என்றோ 69 என்றோ அரசாணையில் எழுதியாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அதன் பிறகு பட்டியலை எந்த வரிசையில் நிரப்புகிறார்கள், எதை ஓர் அலகாக எடுக்கிறார்கள், நிரம்பாத இடத்தை என்ன செய்கிறார்கள் என்ற மூன்று சில்லறை விதிகள் அந்த எண்ணைப் பாதியாக்கலாம், பூஜ்யமாகவும் ஆக்கலாம். கீழே அதற்குக் கணக்கு இருக்கிறது.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், தடை எங்கே இருக்கிறது என்பது. வாசலுக்கு முன்பா (பள்ளி மோசம், பயிற்சிக்குப் பணமில்லை), வாசலிலா (தேர்வாளரின் கண்ணில் பெயரும் ஊரும் படுகிறது), வாசலைத் தாண்டிய பிறகா (கட்டணம், மொழி, விடுதி)? ஒரு கருவி இந்த மூன்றில் ஒன்றைத்தான் நன்றாகச் சரிசெய்யும்.

இரண்டாவது, நோக்கம் வைத்தவருக்கே போய்ச் சேருகிறதா, வழியில் வேறு யாராவது எடுத்துக்கொள்கிறார்களா.

மூன்றாவதைத்தான் நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். வெளியே நிற்கும் ஒருவர் ஒரு தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு முடிவைச் சரிபார்க்க முடியுமா? முடியாத முறை, நல்லவர்கள் கையில் இருக்கும்வரைதான் நல்ல முறை.

நான்காவது, காலி இடத்தின் கதி. ஐந்தாவது, நீதிமன்றத்தில் நிற்குமா. இது நாட்டுக்கு நாடு தலைகீழாக மாறும். இந்தியாவில் எண் வைத்து ஒதுக்குவது சட்டப்படி சரி. அமெரிக்காவில் கல்லூரிச் சேர்க்கையில் 1978-லிருந்தே அது கூடாது.

| வழி | பொருந்தும் தடை | வெளியாள் சரிபார்க்க முடியுமா | மறைந்திருக்கும் செலவு |
|---|---|---|---|
| எண் வைத்த ஒதுக்கீடு | வாசலில் | முடியும் | சான்றிதழ், உட்பிரிவு வழக்குகள், நிரம்பாத இடங்கள் |
| கூடுதல் மதிப்பு | வாசலில் | பெரும்பாலும் முடியாது | ஒளிவுமறைவு, விண்ணப்ப ஆலோசகர்களின் சந்தை |
| வருமான வரம்பு | வாசலுக்குப் பின் | சான்றிதழை நம்பித்தான் | வருமானத்தை மறைப்பது எளிது |
| பள்ளி வழி | வாசலுக்கு முன் | முடியும் | பள்ளி மாற்றம், கோட்டுக்கு அந்தப் பக்கம் விழுபவர்கள் |
| வலையை அகலமாக வீசுவது | வாசலுக்கு முன், வாசலில் | ஓரளவு | தொடர் செலவு. முதலில் வெட்டப்படுவது |

## எண் வைத்த ஒதுக்கீடு

தமிழ்நாட்டுக் கணக்கிலிருந்தே தொடங்கலாம். மொத்தம் 69 விழுக்காடு: பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினர் 20, பட்டியல் சாதியினர் 18 (இதில் அருந்ததியருக்கு 3), பழங்குடியினர் 1. 60 இடமுள்ள ஒரு வகுப்பில் இதைப் போட்டால் பி.சி. 15.9, பி.சி.எம். 2.1, எம்.பி.சி. 12, எஸ்.சி. 9, எஸ்.சி.ஏ. 1.8, எஸ்.டி. 0.6, பொதுப் போட்டி 18.6 என்று வரும். முக்கால் ஆளையோ அரை ஆளையோ வகுப்பில் உட்கார வைக்க முடியாது. 0.6-ஐ ஒன்றாக்கினால் வேறொரு பிரிவில் பின்னம் குறையும். பூஜ்யமாக்கினால் அந்த வகுப்பில் பழங்குடி மாணவர் இல்லை. வகுப்புக்கு வகுப்பு கீழ்நோக்கி முழுமையாக்கிக்கொண்டே போனால் மாநிலம் முழுவதும் கூட்டிப் பார்க்கும்போது ஒரு விழுக்காடு எங்கோ கரைந்து போயிருக்கும். சிறிய பிரிவுகளின் குறை எப்போதும் இந்தப் பின்னத்தில்தான் தொடங்குகிறது.

அடுத்தது வரிசை. பத்து இடங்கள், அதில் மூன்று ஒதுக்கீடு என்று வைத்துக்கொள்வோம். ஒதுக்கீட்டுப் பிரிவு மாணவர்கள் தரவரிசையில் 2, 5, 9, 14, 20 ஆகிய இடங்களில் இருக்கிறார்கள்.

சரியான முறையில் முதலில் பொதுப் போட்டியின் ஏழு இடங்களைத் தரவரிசைப்படியே நிரப்ப வேண்டும், சாதி பார்க்காமல். 1 முதல் 7 வரை உள்ளே. அதில் 2-ம் 5-ம் தங்கள் மதிப்பெண்ணிலேயே வந்துவிட்டார்கள். பிறகு ஒதுக்கீட்டின் மூன்று இடங்களுக்கு 9, 14, 20. ஆக ஐந்து பேர்.

இப்போது வரிசையை மாற்றுங்கள். ஒதுக்கீட்டு இடங்களை முதலில் நிரப்பினால் 2, 5, 9 அங்கே போய்விடும். மிச்சம் ஏழுக்கு 1, 3, 4, 6, 7, 8, 10. மொத்தம் மூன்று பேர். உள்ளே வந்த பத்துப் பேரின் வரிசை எண்களைப் பாருங்கள்: 1 முதல் 10 வரை அப்படியே! ஒதுக்கீடே இல்லாமல் எடுத்திருந்தாலும் இதே பத்துப் பேர்தான். அரசாணையில் ஓர் எழுத்து மாறவில்லை. 30 விழுக்காடு கொடுத்ததாகக் கணக்கும் காட்டலாம்.

இதைக் கற்பனை என்று நினைக்க வேண்டாம். பொதுப் பட்டியல் என்பது 'மற்ற சாதியினருக்கான ஒதுக்கீடு' அல்ல, எல்லோருக்கும் திறந்தது என்பதை உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் சௌரவ் யாதவ் வழக்கில் திரும்பவும் சொல்ல வேண்டியிருந்தது. உத்தரப் பிரதேசக் காவலர் தேர்வில், பொதுப் பட்டியலில் கடைசியாக வந்த பெண்களைவிட அதிக மதிப்பெண் எடுத்த பிற்படுத்தப்பட்ட பெண்கள் வெளியே நின்றதுதான் அந்த வழக்கு. பிரேசிலிலும் இதே குழி இருந்தது. 2012 சட்டப்படி ஒதுக்கீட்டில் விண்ணப்பித்தவர் அந்தப் பட்டியலுக்குள் மட்டும்தான் போட்டியிட முடியும். எல்லோரும் முதலில் பொதுப் பட்டியலில் போட்டியிட வேண்டும் என்று 2023 திருத்தம்தான் மாற்றியது.

தகுதி குறைகிறது என்ற வாதத்துக்கு வருவோம். எண் வைத்த ஒதுக்கீட்டில் அதை அளக்கவாவது முடியும். கட்-ஆஃப் வெளியே தெரிகிறது. தமிழ்நாட்டுப் பொறியியல் கட்-ஆஃப் 200-க்குக் கணக்கிடப்படுகிறது: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. முன்னணிக் கல்லூரிகளில் பொதுப் போட்டிக்கும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்கும் உள்ள இடைவெளி பெரும்பாலும் சில மதிப்பெண்களுக்குள் அடங்கிவிடுகிறது. எதிர்ப்பவர்களின் வாதத்தில் எடையுள்ள பகுதி வேறு இடத்தில் இருக்கிறது. ஒரே பட்டியலுக்குள் முன்னேறிய குடும்பங்களே திரும்பத் திரும்ப எடுத்துக்கொள்கின்றன என்பது அது. இதற்கு இரண்டு மருந்துகள் உண்டு. ஒன்று கிரீமி லேயர், அதாவது வசதியான குடும்பங்களை ஒதுக்கீட்டிலிருந்து விலக்குவது. 1992 இந்திரா சஹானி தீர்ப்பில் வந்தது, மத்திய ஓபிசி ஒதுக்கீட்டில் நடைமுறையில் உள்ளது, தமிழ்நாட்டின் 69-ல் இல்லை. இன்னொன்று உள்ஒதுக்கீடு. அருந்ததியருக்கான 3 விழுக்காட்டுச் சட்டம் 2009-ல் வந்தது. பட்டியல் சாதிகளுக்குள் உட்பிரிக்கலாம் என்று ஏழு நீதிபதிகள் அமர்வு 2024 ஆகஸ்ட் 1 அன்று ஆறுக்கு ஒன்று என்ற கணக்கில் ஏற்றது.

ஆனால் உள்ஒதுக்கீட்டுக்குத் தரவு வேண்டும். வன்னியருக்கான 10.5 விழுக்காட்டுச் சட்டம் 2021 பிப்ரவரியில் வந்தது, நவம்பரில் உயர் நீதிமன்றத்தில் வீழ்ந்தது, 2022 மார்ச் 31 அன்று உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. இடையில் அந்தச் சட்டத்தை நம்பிக் கலந்தாய்வுக்குப் போன மாணவர்களின் குழப்பம்தான் நான் சொல்லும் மறைசெலவு. கணக்கெடுப்பை ஒழுங்காகச் செய்யாமல் தேர்தலுக்கு முன்பு அவசரமாக இயற்றும் சட்டத்துக்கான வட்டியை மாணவர்கள் கட்டுகிறார்கள்.

காலி இடம்: ஐஐடிகளில் பட்டியல் சாதி, பழங்குடி இடங்கள் நிரம்பாவிட்டால் ஓராண்டு ஆயத்தப் படிப்பில் சேர்த்து, அடுத்த ஆண்டு முதலாண்டுக்கு எடுக்கும் வழி இருக்கிறது. நல்ல ஏற்பாடு. பல இடங்களில் அது இல்லாமல், நிரம்பாதது கடைசிச் சுற்றில் வேறு பட்டியலுக்கு மாறிவிடுகிறது. விதிப் புத்தகத்தில் நீங்கள் முதலில் தேட வேண்டிய பத்தி அதுதான்.

## கூடுதல் மதிப்பு

எண் வைக்காமல், விலக்கப்பட்ட பிரிவினருக்கு மதிப்பீட்டில் கொஞ்சம் கூடுதல் எடை தருவது. அமெரிக்கக் கல்லூரிகள் 2023 வரை பின்பற்றிய வழி. கலிபோர்னியாவின் டேவிஸ் மருத்துவக் கல்லூரி 100 இடங்களில் 16-ஐச் சிறுபான்மையினருக்கு ஒதுக்கியிருந்தது. 1978-ல் பாக்கே வழக்கில் அது செல்லாது என்றானது, ஆனால் இனத்தைப் பல காரணிகளில் ஒன்றாகப் பார்க்கலாம் என்ற கதவு மட்டும் திறந்திருந்தது. மிச்சிகன் பல்கலைக்கழகம் அந்தக் கதவுக்கு ஓர் அளவு வைத்தது: 150 புள்ளிகள், 100 வந்தால் இடம், சிறுபான்மையினருக்கு 20, கல்லூரிச் சேர்க்கைக்கான சாட் தேர்வில் முழு மதிப்பெண்ணுக்கு 12. 2003-ல் உச்ச நீதிமன்றம் இந்தப் புள்ளிமுறையைத் தள்ளிவிட்டு, அதே நாளில் அதே பல்கலையின் சட்டக் கல்லூரி செய்த, புள்ளியே போடாமல் ஆளை முழுமையாக எடைபோடும் முறையை ஏற்றது. வேடிக்கை என்னவென்றால், வெளிப்படையாகக் கணக்குப் போட்டது தவறு, கணக்கு வெளியே தெரியாமல் செய்தது சரி என்று ஆயிற்று. என் மூன்றாவது அளவுகோலுக்கு நேர் எதிர்.

அதன் விலை, இந்த முறையை எதிர்த்துத் தொடுத்த ஹார்வர்டு வழக்கில் தெரிந்தது. ஆவணங்கள் வெளியே வந்தபோது ஆசிய அமெரிக்க மாணவர்களுக்குக் 'குணநலன்' மதிப்பீடு சராசரியாகக் குறைவாக இருந்தது தெரிந்தது. இன்னொன்றும் தெரிந்தது: சேர்ந்த வெள்ளையின மாணவர்களில் 43 விழுக்காட்டுக்கு மேல் விளையாட்டு வீரர்கள், முன்னாள் மாணவர்களின் பிள்ளைகள், புரவலர் வட்டத்தின் பரிந்துரைகள், ஊழியர்களின் பிள்ளைகள். இருட்டறையில் ஒரு சலுகையை வைத்தால், பக்கத்தில் பழைய சலுகைகளும் வசதியாக உட்கார்ந்துகொள்ளும். 2023 ஜூன் 29 தீர்ப்பு இனத்தைக் காரணியாக எடுப்பதை நிறுத்தியது. பரம்பரைச் சலுகையைத் தொடவில்லை. இனம் தன் வாழ்க்கையை எப்படிப் பாதித்தது என்று மாணவர் கட்டுரையில் எழுதலாம், கல்லூரி அதைப் படிக்கலாம் என்றது. ஆக, கட்டுரை எழுதிக் கொடுக்கும் ஆலோசகர்களுக்கு வேலை கூடியிருக்கிறது.

நிறுத்திய பிறகு என்ன ஆனது? எம்ஐடியில் கறுப்பின மாணவர் பங்கு முந்தைய ஆண்டுகளின் சராசரியான 13 விழுக்காட்டிலிருந்து 2024-ல் 5 ஆனது. யேல், பிரின்ஸ்டன் போன்றவற்றில் அந்த ஆண்டு பெரிய மாற்றம் தெரியவில்லை. ஏன் ஒரு கல்லூரியில் விழுந்து இன்னொன்றில் விழவில்லை என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. அதுவே இந்த முறையின் குறை.

இந்தியாவில் இதன் நெருங்கிய உறவு நேர்காணல் மதிப்பெண். கல்லூரிச் சேர்க்கையில் மொத்த மதிப்பெண்ணில் 15 விழுக்காட்டுக்கு மேல் நேர்காணலுக்கு வைப்பது தன்னிச்சையானது என்று 1981-லேயே அஜய் ஹாசியா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எண்ணிக்கை சிறிதாக, விண்ணப்பங்களை உண்மையிலேயே ஒவ்வொன்றாகப் படிக்க ஆளும் நேரமும் உள்ள இடத்தில், உதாரணமாக முப்பது பேரை எடுக்கும் ஒரு கலைப்பள்ளியில், இந்த வழி சிறந்தது. லட்சம் விண்ணப்பம் வரும் இடத்தில் வேண்டாம்.

## வருமான வரம்பு

கேட்க நியாயமாக இருக்கிறது; அளக்கும்போதுதான் வழுக்குகிறது. இந்தியாவில் 2019-ல் 103-வது திருத்தத்தால் வந்த பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கான 10 விழுக்காட்டைப் பாருங்கள் (மத்திய நிறுவனங்களில் உண்டு, தமிழ்நாடு தன் கல்லூரிகளிலும் பணிகளிலும் நடைமுறைப்படுத்தவில்லை, பட்டியல் சாதி, பழங்குடி, ஓபிசி ஏழைகளுக்கு இதில் இடமில்லை). குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். 5 ஏக்கர் விவசாய நிலமோ 1000 சதுர அடி அடுக்குமாடி வீடோ இருந்தால் கிடையாது. ஓபிசி கிரீமி லேயருக்கும் 8 லட்சம்தான். ஒரே எண், இரண்டு வேறு பொருள். ஓபிசியில் சம்பளமும் விவசாய வருமானமும் அந்த 8 லட்சத்தில் சேராது. மூன்று ஆண்டுகள் தொடர்ந்து தாண்டியிருந்தால்தான் வெளியே. நலிந்த பிரிவில் சம்பளம், விவசாயம், தொழில் எல்லாம் சேரும். முந்தைய ஓர் ஆண்டை மட்டும் பார்ப்பார்கள். இதைக் குழப்பிக்கொண்டு, தகுதியிருந்தும் சான்றிதழ் கேட்காமல் விட்டுவிடும் ஓபிசி குடும்பங்கள் உண்டு: அப்பாவும் அம்மாவும் சேர்ந்து மாதம் 80,000 சம்பளம் வாங்கினால் கிரீமி லேயர் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். சம்பளக்காரர்களுக்குப் பதவியின் நிலைதான் முதலில் பார்க்கப்படும், தொகை அப்புறம்.

சம்பளச் சீட்டு உள்ளவர் மாட்டிக்கொள்வார், ரொக்கத்தில் வியாபாரம் செய்பவர் தப்பித்துக்கொள்வார் என்பது வருமானச் சான்றிதழின் பிறவிக் குறை. தாசில்தார் அலுவலகத்தில் அதைத் தோண்டிப் பார்க்க ஆள் கிடையாது.

இதைவிட அடிப்படையான பிரச்சினை, வருமானம் அளப்பது ஒன்று, ஒதுக்கீடு சரிசெய்ய வந்தது இன்னொன்று. மாதம் ஒரு லட்சம் வாங்கும் தலித் பொறியாளருக்கு வாடகை வீடு மறுக்கப்படும்போது பணம் தடையாக இல்லை. மறுபக்கம், வாசலில் யாரும் தடுக்காத ஏழை மாணவருக்கு இடம் கிடைத்த பிறகு கட்டணம்தான் தடை. அவருக்குத் தேவை இடத்தில் ஒதுக்கீடு அல்ல, பணம். முதல் தலைமுறைப் பட்டதாரிக்கான கல்விக் கட்டணச் சலுகையும், பட்டியல் சாதி மாணவருக்கு 2.5 லட்ச வருமானத்துக்குள் கிடைக்கும் பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட கல்வி உதவித்தொகையும் அந்த வேலையைச் செய்கின்றன. உதவித்தொகை தாமதமானால் கல்லூரி மாணவரிடம் முதலில் கட்டச் சொல்வதும், தேர்வு நுழைவுச்சீட்டை நிறுத்திவைப்பதும்தான் இங்கே கவனிக்க வேண்டிய ஓட்டை. ஆகவே என் கணிப்பு: வருமான அளவுகோலை இடத்துக்கு வைக்காதீர்கள், கட்டணத்துக்கு வையுங்கள்.

## பள்ளி வழி

இதில் இரண்டு வகை. டெக்சஸ் 1997-ல் ஒரு சட்டம் போட்டது: எந்தப் பள்ளியாக இருந்தாலும் வகுப்பில் முதல் 10 விழுக்காட்டில் வந்தால் மாநிலப் பல்கலையில் இடம் உறுதி. இனம் பற்றி ஒரு சொல் இல்லை, ஆனால் பள்ளிகள் இனவாரியாகப் பிரிந்து கிடப்பதால் பலன் வருகிறது. பள்ளிகள் கலந்துவிட்டால் இந்தத் திட்டம் வேலை செய்யாது! ஆஸ்டின் வளாகத்தில் கூட்டம் அதிகமாகி, 2009-ல் மாநில மாணவர் இடங்களில் 75 விழுக்காடு என்று உச்சவரம்பு வைத்தார்கள். அதனால் பத்து என்பது நடைமுறையில் ஆறாகி, 2026 சேர்க்கையில் ஐந்துக்கு வந்துவிட்டது. இடம்தான் உறுதி, விரும்பிய பாடப்பிரிவு உறுதியில்லை. மேற்படிப்புக்கும் வேலைக்கும் இதைக் கொண்டுபோகவே முடியாது. அங்கே 'பள்ளி' என்ற அலகு இல்லை.

இரண்டாவது வகை தமிழ்நாட்டின் 7.5 விழுக்காடு. 2020-ல் மருத்துவத்துக்கு வந்தது. நீட் வந்த பிறகு அரசுப் பள்ளியிலிருந்து எம்.பி.பி.எஸ். போனவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்ற நிலைதான் காரணம். 2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் ஆகியவற்றுக்கும் நீண்டது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பை மட்டும் அரசு உதவிபெறும் பள்ளியில் படித்திருந்தாலும் போச்சு. ஒரே தெருவில், ஒரே வருமானத்தில், மதிய உணவுகூட ஒரே திட்டத்தில் சாப்பிட்ட இரண்டு பிள்ளைகளில் ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே. எங்கு கோடு போட்டாலும் இப்படி ஒருவர் நிற்பார். ஆனால் பெற்றோருக்கு இந்த விதி ஆறாம் வகுப்பிலேயே தெரிந்திருக்க வேண்டும், பன்னிரண்டில் அல்ல.

இதன் பலம் என்னவென்றால், 69-ஐ இது தள்ளவில்லை. அந்த 7.5-க்குள்ளேயும் சமுதாய வாரிக் கணக்கு ஓடுகிறது. பிரேசிலும் இப்படித்தான் அடுக்கியது: மத்தியப் பல்கலை இடங்களில் பாதி அரசுப் பள்ளி மாணவருக்கு, அதில் பாதி குறைந்த வருமானத்தாருக்கு, இரண்டுக்குள்ளும் கறுப்பினத்தவர், கலப்பினத்தவர், பூர்வகுடிகளுக்கு அந்தந்த மாநில மக்கள்தொகை விகிதப்படி. 'சாதியா வறுமையா' என்று தேர்ந்தெடுக்கச் சொல்பவர்களுக்கு இந்த அடுக்கு ஒரு பதில். ஆனால் அங்கே இனத்தைத் தானே அறிவிக்கலாம் என்றிருந்ததால் போலிகள் வந்து, முகத்தைப் பார்த்துச் சரிபார்க்கும் குழுக்களை அமைக்க வேண்டியதாயிற்று. சாதிச் சான்றிதழின் அலைச்சலைத் திட்டுகிறோம். சான்றிதழ் இல்லாத இடத்தின் அலைச்சல் வேறு மாதிரி.

## வலையை அகலமாக வீசுவது

யாரை எடுப்பது என்ற விதியைத் தொடாமல், யார் விண்ணப்பிக்கிறார்கள், எப்படி மதிப்பிடுகிறோம் என்பதை மட்டும் மாற்றுவது. கல்லூரிகளுக்கு இது மட்டும் போதாது என்பதற்குக் கலிபோர்னியா சான்று: 1996-ல் வாக்கெடுப்பு மூலம் இனச் சலுகையை நிறுத்திய அந்த மாநிலத்தின் பல்கலைக்கழகம், மாற்று முயற்சிகளுக்கு 50 கோடி டாலருக்கு மேல் செலவிட்டும் வேண்டிய அளவு பலன் வரவில்லை என்று உச்ச நீதிமன்றத்தில் சொன்னது.

தனியார் வேலைக்கோ இதுதான் முதல் கருவி. இந்தியாவில் தனியார் நிறுவனத்துக்குச் சாதி ஒதுக்கீட்டுக் கடமை இல்லை. ஆகவே விரும்பிச் செய்ய நினைக்கும் நிறுவனத்தின் கையில் இருப்பது இதுவே. செய்ய வேண்டியவை சலிப்பூட்டும் வேலைகள். ஊழியர் பரிந்துரையில் வருவோரின் பங்கை எழுதி வையுங்கள். அது பாதியைத் தாண்டினால் நீங்கள் ஆள் எடுக்கவில்லை, சொந்தக்காரர்களைச் சேர்க்கிறீர்கள். வளாகத் தேர்வுக்குப் போகும் கல்லூரிப் பட்டியலில் அரசுக் கல்லூரிகள் எத்தனை என்று பாருங்கள். எல்லோரிடமும் ஒரே கேள்விகள், ஒரே வரிசை. ஒவ்வொரு நேர்காணலாளரும் பேசிக்கொள்வதற்கு முன்பே மதிப்பெண்ணை எழுதிக் கொடுக்க வேண்டும். சொந்த ஊர் எது, அப்பா என்ன செய்கிறார் என்ற கேள்விகளை அகராதியிலிருந்தே எடுத்துவிடுங்கள். நம் ஊரில் அவை சாதியைச் சுற்றிவளைத்துக் கேட்கும் கேள்விகள். கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும்.

நோய் எங்கே என்று கண்டுபிடிக்க அமெரிக்காவில் 1978-லிருந்து உள்ள ஐந்தில் நான்கு விதி எளிது. ஒரு பிரிவில் 100 பேர் விண்ணப்பித்து 40 பேர் தேர்வானால் 40 விழுக்காடு. இன்னொரு பிரிவில் 50 பேரில் 14 என்றால் 28 விழுக்காடு. 28-ஐ 40-ஆல் வகுத்தால் 0.7, 0.8-க்குக் கீழே என்பதால் தேர்வு முறையைத் திறந்து பார்க்க வேண்டும். கவனியுங்கள், பார்க்க வேண்டும் என்றுதான் சொன்னேன். முடிவு பிடிக்கவில்லை என்று தேர்வையே ரத்துசெய்தால் என்ன ஆகும் என்பதற்கு அப்படிச் செய்த நியூ ஹேவன் நகரத்தின் தீயணைப்பு வீரர் வழக்கு இருக்கிறது: 2009-ல் உச்ச நீதிமன்றம் நகராட்சிக்கு எதிராக ஐந்துக்கு நான்கு என்று தீர்ப்பளித்தது. தேர்வு நடக்கும் முன்பே வினாத்தாளையும் எடையையும் சரிசெய்ய வேண்டும். முடிவு வந்த பிறகு அல்ல. அந்நாட்டில் அரசு ஒப்பந்ததாரர்கள் சமவாய்ப்புத் திட்டம் எழுதி வைக்க வேண்டும் என்ற 1965 ஆணை 2025 ஜனவரியில் ரத்தாகிவிட்டது. பாகுபாடு கூடாது என்ற 1964 சட்டம் அப்படியே இருக்கிறது. வலை வீசும் வேலை எப்போதும் நிர்வாக ஆணையில் தொங்குவதால் ஒரே கையெழுத்தில் போய்விடும்.

## வேலையில் அலகு எது?

அரசுப் பணிக்கு எண் வைத்த ஒதுக்கீடுதான். இங்கே சூட்சுமம் இனச்சுழற்சிப் பதிவேட்டில், அதாவது எத்தனையாவது இடம் எந்தப் பிரிவுக்கு என்று குறிக்கும் ரோஸ்டரில் இருக்கிறது. மத்தியக் கணக்குப்படி ஓபிசி 27 என்றால், நான்கு இடங்கள் சேர்ந்தால்தான் பின்னம் ஒரு முழு ஆளாகும் என்பதால் நான்காவது இடம்தான் முதல் ஓபிசி இடம், எஸ்.சி. 15 என்பதால் ஏழாவது, எஸ்.டி. 7.5 என்பதால் பதினான்காவது. 200 ஆசிரியர் இடங்களுள்ள ஒரு பல்கலைக்கழகத்தை ஒரே அலகாக எடுத்தால் ஓபிசி 54, எஸ்.சி. 30, எஸ்.டி. 15. அதே 200-ஐ, துறைக்கு ஐந்து வீதம் 40 துறைகளாகப் பிரித்து, துறையை அலகாக எடுங்கள். ஒவ்வொரு துறையிலும் நான்காவது இடம் மட்டும் ஓபிசி, 40 வருகிறது. ஏழாவது இடமே எந்தத் துறையிலும் இல்லை. எஸ்.சி. பூஜ்யம், எஸ்.டி. பூஜ்யம். ஆட்கள் ஓய்வுபெற்றுச் சுழற்சி நகர்ந்து அவர்கள் முறை வரப் பல ஆண்டுகள் ஆகும்.

இது நடந்தது. 2017 அலகாபாத் உயர் நீதிமன்றத் தீர்ப்பைப் பின்பற்றி 2018 மார்ச்சில் துறையை அலகாக்கி யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) உத்தரவிட்டது. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்து, 2019-ல் முதலில் அவசரச் சட்டமும் பிறகு சட்டமும் வந்து மத்தியக் கல்வி நிறுவனங்களில் நிறுவனமே அலகு என்றானது. விழுக்காடு அந்த இரண்டு ஆண்டுகளிலும் மாறவேயில்லை.

இன்னொரு கசிவு 'தகுதியானவர் கிடைக்கவில்லை' என்ற ஒரு வரிக் குறிப்பு. எழுத்துத் தேர்வில் தேறி நேர்காணலுக்கு வந்தவர்களையும் இந்த வரியால் திருப்பி அனுப்பலாம். இப்படி நிரம்பாமல் தேங்கும் பின்னடைவுப் பணியிடங்களை அடுத்த ஆண்டுக்கு எடுத்துச்செல்ல 2000-ல் 81-வது திருத்தம் வழிசெய்தது. ஆனால் அறிவிக்கை விடாமலே வைத்திருந்தால் எடுத்துச்சென்றுகொண்டே இருக்க வேண்டியதுதான்.

## எந்தச் சூழலுக்கு எது

ஒரே தேர்வு, நீண்ட தரவரிசை, வரலாற்றில் நிரூபணமான விலக்கல் என்றால் எண் வைத்த ஒதுக்கீடு. அதற்கு இணையாக மற்றவற்றில் எதுவும் இடங்களைக் கையில் கொடுப்பதில்லை. அந்தப் பட்டியலுக்குள் சிலரே எடுத்துக்கொள்கிறார்கள் என்றால் பட்டியலைக் கலைக்க வேண்டாம். தரவோடு உள்ஒதுக்கீடு, அல்லது பள்ளி வழியை உள்ளே அடுக்குங்கள். பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டியவர்களே வெல்லும் நுழைவுத் தேர்வுக்குப் பள்ளி வழிதான் நேரான மருந்து. வருமானம் கட்டணத்துக்கு. கூடுதல் மதிப்பு சிறிய, ஆளறிந்து எடுக்கும் இடங்களுக்கு, அதுவும் எடைகளை முன்கூட்டியே அச்சிட்டுக் கொடுத்தால் மட்டும். வலை வீசுவதை எல்லாவற்றோடும் சேர்த்துச் செய்யுங்கள், தனியாக நம்பாதீர்கள்.

மாணவர்களுக்கு ஒரு சின்ன எச்சரிக்கை: தமிழ்நாட்டுப் பி.சி., எம்.பி.சி. பட்டியலும் மத்திய ஓபிசி பட்டியலும் ஒன்றல்ல. மாநிலச் சாதிச் சான்றிதழை வைத்துக்கொண்டு மத்திய நிறுவனத்துக்கு விண்ணப்பித்தால் நிராகரிப்பார்கள். மத்தியப் பட்டியலில் உங்கள் சமுதாயம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இ-சேவை மையத்தில் ஓபிசி சான்றிதழைத் தனியாக வாங்க வேண்டும். விண்ணப்ப அறிவிக்கை எந்தத் தேதிக்குப் பிந்தைய சான்றிதழைக் கேட்கிறது என்றும் பாருங்கள். போன வருடத்தது பெரும்பாலும் செல்லாது.

ஓர் அரசுக் கல்லூரியோ துறையோ ஒழுங்காகச் செய்கிறதா என்று தெரிய வேண்டுமானால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய்க் கட்டணத்தோடு மூன்றைக் கேளுங்கள்: ரோஸ்டர் பதிவேட்டின் நகல்; பொதுப் போட்டியில் தேர்வானவர்களின் சமுதாயவாரி எண்ணிக்கை; கடந்த ஐந்து ஆண்டுகளில் நிரம்பாத ஒதுக்கீட்டு இடங்களும் அவை என்னவாயின என்பதும். பொதுப் போட்டியில் இடஒதுக்கீட்டுப் பிரிவினர் ஒருவர்கூட இல்லை என்று பதில் வந்தால், மேலே சொன்ன பத்து இடக் கணக்கை எடுத்துக்கொண்டு அடுத்த மனுவை எழுதலாம்.